கைப்பக்குவமா, கரைக்கொள்முதலா? – கொள்முதல் அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி இத்தனை பேரையும் பசியில் உட்காரவைத்துவிட்டுப் போன எதிரணி அக்காவுக்கும், பாம்பன், மண்டபத்து மக்களுக்கும் வணக்கம்.

நம் கடற்கரையில் ஒரு பழைய சாப்பாட்டுக் கடை தலைமுறை தாண்டி நிற்பது கைப்பக்குவத்தாலா, கொள்முதலாலா என்பது கேள்வி. அக்கா கைப்பக்குவம் என்றார்கள். "ஒரே மீனைப் பத்துப் பேரிடம் கொடுங்கள், ஒருத்தர் குழம்புதான் மணக்கும்" என்றார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது, நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்த மீனை யார் கொடுப்பது? அக்கா மீன் சட்டிக்கு வந்த பிறகு கதையைத் தொடங்குகிறார்கள். கடைக்காரனுக்குக் கதை விடிகாலையில் கரையிலேயே பாதி முடிந்துவிடும்.

பழைய கடையில் போய் உட்காருங்கள். அச்சடித்த விலைப்பட்டியல் வராது. இலையைப் போட்டுவிட்டு, "இன்னிக்கு விளைமீன் இருக்கு, நகரை இருக்கு, கணவாய் இல்லண்ணே" என்று பரிமாறுகிறவர் வாயால் வரும். பக்கத்தில் புதிதாகத் திறந்த கடையில் பளபளவென்று படம் போட்ட அட்டை. வருசம் 365 நாளும் அதில் வஞ்சிரம் உண்டு. கடலில் வருசம் பூராவும் வஞ்சிரம் உண்டா? கரையில் நிற்கிற நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பக்கம் விசைப்படகு போவது வாரத்தில் மூன்று நாள்: திங்கள், புதன், சனி. மறுநாள் காலை கரை திரும்பும். ஆக, விசைப்படகு மீன் செவ்வாய், வியாழன், ஞாயிறு. மற்ற நாளில் நாட்டுப்படகும் கரைவலையும்தான். வாடைக் காற்று மாதங்களில் பாக் விரிகுடாவான வடகடல் புரளும், மன்னார் வளைகுடாவான தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடலில் வலை போடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு போகலாம், ஆனால் வரத்து சுருங்கும். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால் அதுவரை அங்கிருந்து ஐஸ் பெட்டியில் லாரி லாரியாக மீன் வரும். அதை வாங்குவதா, விட்டுவிட்டுக் கருவாட்டுக் குழம்பும் முட்டைக் குழம்பும் வைப்பதா? இந்த முடிவைக் கரண்டி எடுக்காது. பழைய கடை கருவாடு வைக்கும், முகம் சுளிக்கிறவனிடம் "ஜூனுக்கு மேல வாங்கண்ணே" என்று சொல்லும். அந்தத் துணிச்சல்தான் கடையை நிறுத்துகிறது.

அக்காவின் அடுத்த வாதம், "கெட்டிக்காரக் கை சுமாரான மீனையும் சரிக்கட்டும்" என்பது. ஆபத்தான பேச்சு, நடுவர் அவர்களே.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்சல் போகிறதே பால்சுறாப் புட்டு, அதை எடுத்துக்கொள்வோம். சுறாவுக்கும் திருக்கைக்கும் உடம்பிலேயே யூரியா உண்டு. செத்த பிறகு பாக்டீரியா அதை அம்மோனியா ஆக்கிவிடும். படகிலேயே குடலை எடுத்து, ரத்தம் வடித்து, ஐசில் புதைத்திருந்தால் புட்டு பஞ்சாக உதிரும். வெயிலில் போட்டுக் கொண்டுவந்திருந்தால் வேகவைக்கும்போதே மூக்கைத் துளைக்கும். லேசான நெடியென்றால் புளித்தண்ணீர் அடக்கும். ஏறிப்போன நெடிக்கு இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் எல்லாம் கொட்டினாலும் மூன்றும் வீண்.

சூரை மீனும் கும்பளா மீனும் இன்னும் மோசம். ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது, திரும்ப ஐசில் வைத்தாலும் குறையாது. வாடையும் சில நேரம் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டவனுக்கு நாக்கு எரியும், முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும். "மசாலா ஒத்துக்கல" என்று சமையல்காரர் தலையில் பழி விழும். பாவம், அவர் என்ன செய்வார்? வாங்கியவன் செவுளைத் தூக்கிப் பார்த்தானா, சதையை அழுத்தி எழும்புகிறதா என்று பார்த்தானா, "எத்தனை மணிக்குப் பிடிச்சது, ஐஸ் எப்பப் போட்டீங்க" என்று கேட்டானா என்பதில் இருக்கிறது விசயம். வாங்கி வந்த பிறகும் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ், பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் மீன் தன் கழிவுத் தண்ணீரிலேயே ஊறும்.

நண்டுக்கு வருவோம், இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உயிரோடு இருக்கிற நண்டைத்தான் வாங்க வேண்டும். செத்துக் கிடந்தால் சதை சீக்கிரம் கூழாகிவிடும். உயிரோடு இருந்தாலும் போதாது. அப்போதுதான் ஓடு கழற்றிய நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உடைத்தால் தண்ணீர். கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் வேண்டும், வயிற்றுப் பக்கத்து ஓடு விரலால் அமுக்கினால் அமுங்கக் கூடாது. தண்ணி நண்டில் மிளகு வறுவல் செய்தால் வாணலியில் ரசம்தான் மிஞ்சும். சரி, நல்ல நண்டு காசு கொடுத்தால் கிடைக்குமா? கிடைக்காது! கனமான நண்டும் கணவாயும் இறாலும் ஏற்றுமதிக்குப் போகிற வண்டியில் ஏறிவிடும். பல படகுகள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். மீன் கரைக்கு வரும் முன்னாலேயே அதற்குச் சொந்தக்காரர் உண்டு. அதற்கு நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நாலு கிலோ நண்டை ஒதுக்கித் தருகிறார்கள் என்றால், பத்து நாள் மீன் குறைவாக வந்தபோதும் அந்தக் கடைக்காரர் விலையை அடித்துப் பேசாமல் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். புதுக்கடைக்காரர் எவ்வளவு பெரிய சமையல்காரரைக் கூட்டிவந்தாலும் இந்தக் கணக்கை முதல் வருசத்திலேயே தொடங்க முடியாது.

மீன் வறுவலில் மசாலா ஒட்டவில்லை என்றால் உடனே மாஸ்டரைத் திட்டுகிறோம். கடையிலுள்ள சாதாரண ஃப்ரீசரில் மீன் மெதுவாக உறையும், அதனால் சதைக்குள் பெரிய பெரிய ஐஸ் கட்டிகள் உண்டாகித் தசையைக் கிழிக்கும். உருகும்போது தண்ணீர் கொட்டும், மசாலா அதோடு வழுக்கும், கல் சூடிறங்கும், மீன் பொரிவதற்குப் பதில் அவியும். மாஸ்டர் என்ன, அவர் குருநாதரே வந்தாலும் அப்படித்தான்.

மசாலா ரகசியம் என்றார்கள் அக்கா. அதிலும் பாதி கொள்முதல்தான். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கூரைத்தளத்தில் காய்ந்ததா, ஈரத்தோடு மூட்டை கட்டினார்களா என்று காதருகே குலுக்கினால் தெரியும். விதை சலசலக்க வேண்டும். ஈரமென்றால் உள்ளே பூஞ்சணம், குழம்பில் முடை வாடை. வரத்து மாதங்களில் வருசத்துக்கு வாங்கி, மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி, பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் தாங்காத அளவாகவே அரைக்க வேண்டும். நம் கடல்காற்றில் பொடி சீக்கிரம் கட்டிவிடும். புளியும் அப்படியே. சூடை மீனுக்குக் கொழுப்பு அதிகம், கூடுதல் புளி கேட்கும். விளைமீனுக்கு அதே புளியை ஊற்றினால் மீன் காணாமல் போய்விடும். ஆக, கையளவையும் கரையில் வாங்கிய மீன்தான் நிர்ணயிக்கிறது.

ராமேஸ்வரத்துச் சைவக் கடைகளை அக்கா இழுத்ததால் ஒரு வார்த்தை: பருப்பு வேகாததற்கு அடுப்பு காரணமில்லை, உப்பும் கடினமும் ஏறிய தண்ணீர்தான். நல்ல தண்ணீரும் விலை கொடுத்து வாங்குவதுதானே?

கைப்பக்குவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணவாயை மூன்று நிமிடத்தில் இறக்கத் தெரியாதவன் அதை ரப்பராக்கிவிடுவான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். மாஸ்டர் சொந்த ஊருக்குப் போனால் இரண்டாம் ஆள் வாணலியைப் பிடிக்கிறான், கடை ஓடுகிறது. கரைக்குப் போகிற முதலாளி காய்ச்சலில் படுத்தால் அன்றைக்கே வாடிக்கையாளர், "என்னண்ணே, மீன் ஒரு மாதிரி இருக்கு" என்கிறார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து எதிரணியில் பேச வருகிற தம்பிக்கு ஒரே ஒரு வேலை. அம்மோனியா ஏறின திருக்கை ஒரு கிலோ, தண்ணி நண்டு ஒரு கிலோ. இரண்டையும் எந்தப் பக்குவத்தில் இலைக்குக் கொண்டுவருவது என்று மசாலா அளவோடு இந்த மேடையில் சொல்லட்டும். நடுவர் அவர்களே, அவர் சொன்னபடி சமைத்து முதல் இலை உங்களுக்குத்தான். வணக்கம்.