கப்பலேறி வந்த கொடுக்காப்புளி

நேயர்களுக்கு வணக்கம். மாசி, பங்குனியில் பள்ளிக்கூட வாசலில் கூறு போட்டு விற்பார்களே, அந்தக் கொடுக்காப்புளியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கோணப்புளியங்காய் என்று சொல்லும் ஊர்க்காரர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மரம் ஒன்றுதான்.

விழுப்புரம், கடலூர்ப் பக்கம் நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்பார்கள். அதுவே பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா வழியாக வந்தது என்பதால் அந்தப் பெயர். நம் கொடுக்காப்புளியும் அந்த ஊர் வழியாக வந்ததுதான். பிறந்த இடம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்தக் காலத்தில் பிலிப்பைன்ஸுக்குப் போன மரம், அப்புறம் நம் கரைக்கும் வந்து சேர்ந்தது.

மெக்சிகோவில் அதற்கு 'குவாமூச்சில்' என்று பெயர். பிலிப்பைன்ஸில் அது 'கமாச்சிலே' ஆனது. நம் ஆட்கள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காய் கோணிக்கொண்டிருக்கிறது, பார்க்கப் புளி மாதிரி இருக்கிறது, சரி, கோணப்புளி! சோழமண்டலக் கரைச் செடிகளைப் படத்தோடு எழுதிவைத்த வில்லியம் ராக்ஸ்பரோ இதற்கு 'டல்சிஸ்', அதாவது இனிப்பானது, என்று பெயர் வைத்தார். செங்காயைத் தின்று தொண்டை அடைத்து நின்றவர்கள் அதை ஒப்புக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான்.

இலைக் காம்பின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள் இருக்கும். தழையை ஒதுக்கினால்தான் கண்ணில் படும். அதற்குள் கையில் ஏறியிருக்கும். அதனால்தான் வேலிக்கு இதை நட்டார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், ஆட்டுக்குத் தழையும் ஆச்சு. காயைத் தொரட்டியால்தான் பறிக்க வேண்டும். பழுத்தால் தோல் தானே வெடித்து, சுருளுக்குள் வெள்ளையும் ரோஸுமாகச் சதை தெரியும். கிளி நமக்கு முன்னால் வந்துவிடும்.

தின்று முடித்தபின் கொட்டையில் ஒரு விளையாட்டு உண்டு. கறுப்புத் தோலை மட்டும் நகத்தால் உரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பழுப்புத் தோலில் கீறல் விழக்கூடாது. வெள்ளைப் பருப்பு தெரிந்தால் அவுட். முழுசாக உரித்தால் பரீட்சையில் பாஸ் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. நான் ஒன்றுகூட உரித்ததில்லை. என் தங்கை மூன்றை உரித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாள். பரீட்சைக்கு முதல் நாள் ஒன்றைக் கடன் கேட்டேன், தரவில்லை.