சிரட்டையைப் பார்த்தாலே தெரியும்

நடுவர் அவர்களே, இந்நேரத்திலும் பந்தலை விட்டு எழுந்து போகாத ஊர்க்காரர்களே, வணக்கம். டிஜிட்டல் கருவிகள் பிள்ளைகளின் படிப்பை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா என்பது தலைப்பு. வளர்க்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். குலசேகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் மூன்று கேள்வி போட்டார். போன் கைக்கு வந்தால் பிள்ளை ரீல்ஸில் விழுந்துவிடாதா என்றார். ஸ்வீடன் நாடே 2023-ல் அச்சுப் புத்தகத்துக்குப் பணம் ஒதுக்கித் திரும்பிவிட்டதே என்றார். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் சிக்னலே இல்லை, அங்கே என்ன டிஜிட்டல் என்றும் கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் மூன்றுமே பிள்ளையின் கையில் திரையைக் கொடுப்பதைப் பற்றியவை. இந்தக் கருவிகள் வகுப்பில் செய்கிற பெரிய வேலை வேறு, அதை அண்ணன் தொடவே இல்லை.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ரப்பர் வீட்டுக்காரர்கள். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிவிட்டு, அப்புறம் பால் எடுக்கும்போது மரத்தில் பால் வடிகிற ஒவ்வொரு சிரட்டையாகப் பார்க்கிறார். எந்த மரம் குறைத்துத் தருகிறது, எதில் பட்டை காய ஆரம்பித்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். காலாண்டு முடியட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தத் தோட்டத்திலாவது விடுவார்களா? பள்ளிக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தோம்.

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்துவேன். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவது உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தவறு. முன்பெல்லாம் எனக்கு அது பேப்பர் திருத்தும்போதுதான் தெரியவரும். கட்டு வீட்டுக்கு வந்து, திருத்தி, திரும்பக் கொடுக்க இரண்டு வாரம் ஆகும், அதற்குள் வகுப்பு தசமத்துக்குப் போயிருக்கும். சிவப்பு மையில் போட்ட பெருக்கல் குறியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் எதையும் கற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போது பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலியைப் பயன்படுத்துகிறேன். பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம், ஆளுக்கு ஒரு காகித அட்டை போதும். அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு உருவம், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. எந்தப் பக்கம் மேலே வருகிற மாதிரிப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர்களுடைய விடை. என் போன் கேமராவை ஒருமுறை வகுப்பின் மேல் ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று மொத்தமும் வந்துவிடும். அன்றைக்குப் பாதிக்கு மேல் ஐந்தில் இரண்டு என்று பிடித்திருந்தார்கள். நான் விடையைச் சொல்லவில்லை. ஒரு மட்டிப்பழத்தைக் காட்டி, அரைப் பழம் வைத்திருக்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தால் அது அரையை விடக் குறைந்துபோகுமா மக்களே என்று கேட்டேன். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியானது, அப்புறம் ஒவ்வொரு அட்டையாகத் திரும்ப ஆரம்பித்தது. இரண்டு வாரம் கழித்துத் தெரிந்திருக்க வேண்டியது பத்தே நிமிடத்தில் தெரிந்து, அந்தப் பீரியடுக்குள்ளேயே சரியாகிவிட்டது.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள், வருடம் முழுக்கக் கை தூக்காதவள். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம். அட்டையின் பக்கங்களில் விடையைக் குறிக்கிற எழுத்து மிகச் சிறியது, உருவமும் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூட அவள் விடை தெரியாது. அவளுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது இந்த அட்டை வந்த பிறகுதான். இருபது வருட அனுபவத்தால் கண்டுபிடிக்க முடியாததை அட்டை சொன்னது, இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

சோதிப்பது வேறு, கற்பது வேறு என்று நினைக்காதீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் செய்த பரிசோதனையில் ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், படித்துவிட்டுத் தங்களையே சோதித்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது சோதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு அடிக்கடி சிறு சிறு சோதனை வைத்து அன்றன்றே திருத்த எந்த டீச்சரால் முடியும்? அங்கேதான் எனக்குக் கருவி வேண்டும்.

கருவியை வாங்கிக் கொடுத்தாலே படிப்பு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்கு லேப்டாப் கொடுத்தார்கள். 2012-ல் வந்த ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான அடையாளமே இல்லை. அதே நேரம் கார்த்திக் முரளிதரனும் கூட்டாளிகளும் டெல்லியில் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அந்த நிலைக்கே கேள்வி தருகிற மென்பொருளை நாலரை மாதம் பயன்படுத்திய நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் இந்தியிலும் நன்றாகவே முன்னேறினார்கள். பெருவில் பெட்டியைக் கொடுத்தார்கள், டெல்லியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்தார்கள்.

ஸ்வீடன் விஷயத்தில் அண்ணனோடு எனக்குச் சண்டையே இல்லை. புத்தகம் இருக்கட்டும், என் வகுப்பிலும் இருக்கிறது. ரீல்ஸுக்கு அட்டையே பதில், பிள்ளை கையில் இருப்பது காகிதம்தான்.

சிக்னலுக்கு வருகிறேன். கோலிப்ரி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. நாகர்கோவிலில் வைத்துப் பாடங்களையும் பயிற்சிகளையும் ஒரு லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு போனால் மலைமேல் இணையமே இல்லாமல் மற்றக் கருவிகள் அதோடு இணைந்து வேலை செய்யும். டவர் வரும்வரை காணிப் பிள்ளைகள் காத்திருக்கட்டும் என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே நம் கன்னியாகுமரிதான் முதல் மாவட்டம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். சந்தோஷம்தான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் தெரியுமா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

ஒன்றில் எதிரணி சரி. ஒரே விவரத்தை நாலு இடத்தில் ஏற்றச் சொல்லி டீச்சரின் நேரத்தைத் தின்கிற செயலிகள் உண்டு, பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் நானும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அதைக் குறைக்கச் சொல்லி நாம் இரண்டு அணியும் சேர்ந்தே மனு எழுதலாம். அது மேலே அனுப்புகிற கணக்கு. நான் கேட்பது எனக்கும் பிள்ளைக்கும் இடையில் ஓடுகிற கணக்கு.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அண்ணே, திங்கட்கிழமை மூன்றாம் பீரியடு எனக்கு ஆறாம் வகுப்பு. நீங்களே ஒரு கேள்வி யோசித்துக்கொண்டு வாருங்கள், அட்டைகளை நான் எடுத்து வைக்கிறேன்.