சித்திரமும் கைப்பழக்கம்: கரிம வேதியியல் ஆய்வகத்தை முன்வைத்து

(வேதியியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, வரவேற்புரையில் என் தகுதிக்கு மிஞ்சிய சொற்களை வாரி வழங்கிய துறைத்தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் முன்வரிசையை அணிசெய்யும் பாடத்திட்டக் குழுவினரே, கண்ணாடிக் கலன்களை எங்களிடமிருந்து காப்பாற்றிவரும் ஆய்வக உதவியாளர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆய்வகத்தில் ஒரு சேர்மத்தை உருவாக்கும் தொகுப்பு, அதன் தூய்மையாக்கல், அது எது என்று கண்டறியும் பகுப்பாய்வு ஆகிய மூன்றையும் பற்றி நான் பேசுவேன் என்று அழைப்பிதழ் சொல்கிறது. மூன்றுக்கும் அடித்தளம் ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்னும் முதுமொழியே.

1856ஆம் ஆண்டு லண்டனில், வேதியியல் பேராசிரியர் ஹோஃப்மனிடம் பயின்றுவந்த 18 வயது வில்லியம் பெர்கின், ஈஸ்டர் விடுமுறையில் தம் வீட்டிலேயே அமைத்திருந்த சிறிய ஆய்வகத்தில், மலேரியாவுக்கு மருந்தாகிய குயினைனைத் தயாரிக்க முயன்றார். கிடைத்ததோ செம்பழுப்பு வீழ்படிவு, அதாவது கரைசலிலிருந்து பிரிந்து படியும் திண்மம். விட்டாரா? நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலீனை எடுத்துப் பொட்டாசியம் டைகுரோமேட்டுடன் வினைப்படுத்தினார். இம்முறை கன்னங்கரிய படிவு. அவையோரைக் கேட்கிறேன், நம் மாணவரின் குடுவையில் அது படிந்திருந்தால் என்ன செய்திருப்பார்? தொட்டியில் கொட்டிவிட்டுப் பக்கத்து மேசை நண்பரிடம் ஒரு சிட்டிகைப் படிகம் கடன் வாங்கியிருப்பார். (சிரிப்பு) பெர்கின் அதை ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தார். ஊதா நிறம் எழுந்தது. பட்டில் ஏற்றினார், சோப்புக்கும் வெயிலுக்கும் அது அசையவில்லை. மறு ஆண்டே சாயத் தொழிற்சாலையைத் தொடங்கினார். கைப்பழக்கம், ஐயா, கைப்பழக்கம்!

நம் ஆய்வகத்திலும் ஓர் ஊதா நிறம் உண்டு. சாலிசிலிக் அமிலத்தை அசிட்டிக் நீரிலியுடன் வினைப்படுத்தி ஆஸ்பிரின் தயாரிக்கும் மாணவர், விளைபொருளில் சிறிதளவு எடுத்து, இரும்பின் உப்பாகிய ஃபெரிக் குளோரைடு கரைசலை ஒரு சொட்டு விட்டதும் ஊதா தோன்றினால், வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் எஞ்சியிருக்கிறது என்று உணர்ந்து அதைக் கரைத்து மீண்டும் படிகமாக்கித் தூய்மையாக்க வேண்டும். ஆனால் ஆஸ்பிரினின் உருகுநிலை 135 பாகை செல்சியஸ் என்று நூலைப் பார்த்து முன்கூட்டியே ஏட்டில் எழுதிவிட்டவருக்கு அந்த நிறம் எங்கே கண்ணில் படும்? தூய்மையற்ற பொருள் முன்னதாகவே இளகத் தொடங்கி, சில பாகைகள் கடந்தே முழுதும் உருகும் என்பது பொருளை இட்டுச் சூடாக்கும் நுண்குழாயை உற்றுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். மாணவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விளைபொருளின் எடைக்கும், நூலில் உள்ள எண்ணை அப்படியே எழுதுவதற்கும் மதிப்பெண்ணை அள்ளித் தருபவர்கள் நாம்தாமே!

பகுப்பாய்வுக்கு உதவும் அகச்சிவப்பு நிறமாலையைப் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே பாடத்திட்டக் குழுவினரிடம் என் நெடுநாள் விண்ணப்பத்தை வைக்கிறேன். விளைபொருளின் எடைக்குரிய மதிப்பெண்ணில் பாதியை, கண்டதைக் கண்டபடி எழுதிய ஏட்டுக்கு மாற்றுங்கள். வினை தோற்றாலும் அதன் காரணத்தைச் சோதனையால் காட்டும் மாணவர் செய்முறைத் தேர்வில் தேர்ச்சி பெற வழிசெய்யுங்கள்.