ஜீரோவா, ஹெல்கேட்டா? எந்த வேகத்தில்?

நேயர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப்போர் விமானங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "திருப்பத்தில் ஜப்பானின் ஜீரோ போர் விமானத்தை அடிச்சிக்க ஆளில்லை" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எந்த வேகத்தில் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

முதலில் சிறகுக் கணக்கு. ஜீரோவின் 52-ஆம் மாதிரி சுமார் 2,730 கிலோ. சிறகின் பரப்பு 21.3 சதுர மீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டர் சிறகு 128 கிலோவைச் சுமக்கிறது. அதை எதிர்த்த அமெரிக்கப் போர் விமானம் ஹெல்கேட் ஏறக்குறைய 5,700 கிலோ, சிறகு 31 சதுர மீட்டர். அங்கே சுமை 184 கிலோ. சுமை குறைந்த சிறகு குறைந்த வேகத்திலும் விமானத்தை ஏந்திப் பிடிக்கும். வேகம் குறைந்தால் வட்டமும் சுருங்கும். 3 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல மூன்று மடங்கு), மணிக்கு 320 கி.மீ. வேகத்தில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் 285 மீட்டர். அதே 3 ஜி, வேகம் 480 கி.மீ. என்றால் 640 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்குதான், வட்டம் இரண்டேகால் மடங்கு.

பிடிபட்ட ஒரு ஜீரோவை 1944-ல் அமெரிக்கர்கள் ஹெல்கேட்டோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். 10,000 அடி உயரத்தில், குறைந்த வேகத்தில், மூன்றரைச் சுற்றில் ஜீரோ ஒரு முழுச் சுற்று முந்தியது. 30,000 அடியில் இரண்டும் கிட்டத்தட்ட சமம்.

முடுக்கத்துக்கு வருவோம். ஒரு குதிரைத்திறன் இழுக்கவேண்டிய எடை ஜீரோவில் 2.4 கிலோ, ஹெல்கேட்டில் 2.85 கிலோ. அதனால் தாழ்வான உயரத்தில் ஜீரோ விறுவிறுவென்று மேலேறும். மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்ந்தால் கதை வேறு. தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே போகும், பிறகு ஹெல்கேட் விலகிப் போய்க்கொண்டே இருக்கும். காற்றின் எதிர்ப்பு ஏற ஏற, எடையும் 2,000 குதிரைத்திறனும் கைகொடுக்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று ஏலெரான். சிறகின் பின்விளிம்பில், நுனிப்பக்கம் இருக்கும் இந்த மடல்தான் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிறது. சாயாமல் திரும்ப முடியாது. ஜீரோவின் மடல் பெரியது. மணிக்கு 370 கி.மீ.யைத் தாண்டினால் காற்றின் அழுத்தத்தில் கைப்பிடி இறுகிவிடும். சாயவே நேரமெடுக்கும் விமானத்துக்கு இறுக்கமான வட்டம் இருந்து என்ன பயன்?

ஆக, ஜீரோவை வெல்ல அதிவேகம் வேண்டும். 1942 ஏப்ரல் 5-இல் ஜப்பான் கொழும்பைத் தாக்கியபோது பிரிட்டனின் ஹரிகேன் போர் விமானங்களுக்கு அது வாய்க்கவில்லை. எச்சரிக்கை வராததால், ரத்மலானை விமானத்தளத்திலிருந்து கிளம்பியவை உயரமும் வேகமும் சேரும் முன்பே ஜீரோக்களிடம் மாட்டின. மேலேறும் வேகம் குறைந்த வேகம். அது ஜீரோவின் சொந்த வீடு.

அதே ஆண்டு அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் ஒன்றான அக்குட்டானில் கவிழ்ந்து கிடந்த ஜீரோவைச் சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்து, செப்டம்பரில் பறக்கவிட்டார்கள். எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அதன் கார்புரேட்டர் மிதவை வகை. மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எரிபொருள் வராமல் எஞ்சின் திணறியது. அதிவேகத்தில் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் சாய்வது அதற்குக் கடினம் என்பதும் தெரிந்தது. ஜீரோ வாலைப் பிடித்துவிட்டால் செய்யவேண்டியது இவ்வளவுதான்: கைப்பிடியை முன்னால் தள்ளு, பாய்ந்து இறங்கு, வேகம் 370-ஐத் தாண்டியதும் வலப்பக்கம் சாய்ந்து திரும்பு.