கழுவி மாட்டுற ஏர் ஃபில்டர்: வாங்குறதுக்கு முன்னாடி தூசிக் கணக்கைப் பாருங்க

[காட்சி: ஏர் பாக்ஸ் மூடி திறக்குது. உள்ளே பேப்பர் ஃபில்டர். பக்கத்துல சிவப்பு எண்ணெய் ஊறின காட்டன் ஃபில்டர்.]

வணக்கம். ஏர் ஃபில்டர் மாத்தலாம்னு விசாரிச்சா, இந்தச் சிவப்பு ஃபில்டரைப் பத்தி மூணு விஷயம் சொல்வாங்க. பிக்-அப் கூடும். மைலேஜ் ஏறும். கழுவிக் கழுவியே கார் இருக்கிற வரைக்கும் ஓட்டலாம். மூணையும் ஒவ்வொண்ணா பார்ப்போம். ஆனா நாலாவதா ஒரு கேள்வி இருக்கு. பெரும்பாலும் யாரும் அதைக் கேக்குறதில்ல: இது தூசியை எவ்வளவு நிறுத்துது?

அந்தக் கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன். ஏன்னா ஃபில்டர் அங்க இருக்கிறதே அந்த ஒரு வேலைக்காகத்தான்.

[காட்சி: ஒரு லிட்டர் பெட்ரோல் கேன். பக்கத்துல பெருசா ஒரு காத்துக் கனசதுரம்.]

பெட்ரோல் சரியா எரியணும்னா அதோட எடையைப் போல 14.7 மடங்கு காத்து வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். அப்போ அதுக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ காத்து, அதாவது சுமார் 9,000 லிட்டர். 40 லிட்டர் பெட்ரோல் தீர்றதுக்குள்ள மூணரை லட்சம் லிட்டர் காத்து அந்த ஃபில்டரைத் தாண்டி உள்ளே போயிருக்கும். அது சும்மா போகாது, தூசியோடதான் போகும்.

சாலைத் தூசியில பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணல். அது சிலிண்டர் சுவரோட இரும்பை விடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவுல சில மைக்ரான் கனத்துல ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கு. இன்ஜினுக்கு அதிக சேதம் பண்றது 5-ல இருந்து 20 மைக்ரான் வரைக்கும் இருக்கிற துகள்கள்தான். தலைமுடியோட கனம் 70 மைக்ரான் அளவுக்கு வரும்னா, இது எவ்வளவு பொடின்னு புரியும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொடி அந்தப் படலத்துக்குள்ள நுழைஞ்சு ரெண்டு பக்கமும் உரசுது. தேய்மானம் வருஷக்கணக்குல நடக்கும், அதனால யாரும் ஃபில்டர் மேல சந்தேகப்பட மாட்டாங்க.

[காட்சி: மூணு ஃபில்டரோட குறுக்குவெட்டு.]

பேப்பர் ஃபில்டர்ல நுண்ணிய இழைகள் நெருக்கமாப் பின்னியிருக்கும், பிசின் பூசி மடிப்பு மடிப்பா வச்சிருப்பாங்க. காட்டன் ஃபில்டர் வேற மாதிரி. கம்பி வலைக்கு நடுவுல பல அடுக்குத் துணி, அதுல ஒட்டும் எண்ணெய். துணியோட ஓட்டைகள் பெருசு, அதனால காத்து சுலபமாப் போகும். தூசியைப் பிடிக்கிறது முக்கியமா அந்த எண்ணெய். 1969-ல அமெரிக்காவுல தொடங்கின கே அண்ட் என் நிறுவனம்தான் இந்த வகையைப் பிரபலமாக்குச்சு. ரேஸ் பைக்கும் ரேஸ் காரும்தான் இதோட பிறந்த வீடு. இதுபோக எண்ணெய் ஊறின ஃபோம் ஃபில்டர் இருக்கு, எண்ணெயே இல்லாம கழுவுற செயற்கை இழை ஃபில்டரும் இருக்கு.

இதையெல்லாம் ஒரே தராசுல நிறுத்த ஐ.எஸ்.ஓ 5011னு ஒரு சோதனை முறை இருக்கு. அளந்த தூசியை ஃபில்டர் மேல ஊதி, எவ்வளவு நின்னுது, எவ்வளவு தாண்டிப் போச்சுன்னு எடை போடுவாங்க. நல்ல பேப்பர் ஃபில்டர் 99 சதவீதத்துக்கு மேல நிறுத்தும். எண்ணெய்க் காட்டன் பொதுவா 96-ல இருந்து 99 வரைக்கும். ரெண்டு சதவீதம்தானேன்னு தோணும். தாண்டிப் போன தூசியைப் பாருங்க: 100 கிராம் தூசிக்கு 99 சதவீத ஃபில்டர் 1 கிராம் விடுது, 97 சதவீத ஃபில்டர் 3 கிராம் விடுது. இன்ஜினுக்குள்ள போறது மூணு மடங்கு. இந்த வீடியோவுல ஒரே ஒரு கணக்கை ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்குங்க.

[காட்சி: ஆக்சிலரேட்டர் பெடல், த்ராட்டில் தட்டு திறந்து மூடுது.]

சரி, பிக்-அப். வெளியில காத்தழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். புது ஃபில்டரால முழு வேகத்துல அரை கிலோபாஸ்கல் தடை குறையுதுன்னு வைங்க. கூடுதலாக் கிடைக்கிற காத்து அரை சதவீதம். 100 குதிரைத்திறன் இன்ஜின்ல அரைக் குதிரை. அதுவும் பெடலை முழுசா அழுத்தும்போது மட்டும்தான். மத்த நேரமெல்லாம் பெட்ரோல் இன்ஜின்ல காத்தைத் தடுக்கிறது த்ராட்டில் தட்டு, அதாவது பெடலை அழுத்த அழுத்தத் திறக்கிற மூடி, ஃபில்டர் இல்ல. வாசலைப் பாதி சாத்திட்டு தெருக் கேட்டை அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்?

ஏர் பாக்ஸையே கழட்டிட்டுக் கூம்பு ஃபில்டரைத் திறந்த வெளியில மாட்டுறவங்களுக்கு இன்னொரு கணக்கு. காத்து 3 டிகிரி சூடானா அடர்த்தி ஒரு சதவீதம் குறையும். பானெட்டுக்குள்ள சுத்துற சூடான காத்து 15 டிகிரி கூடுதலா இருந்தா 5 சதவீதம் போச்சு. ஃபில்டர் கொடுத்த அரை சதவீதம் எங்க, இது எங்க! ஆனா சத்தம் நல்லா உறுமும். அந்த உறுமலைக் கேட்டுத்தான் பல பேர் வண்டி பறக்குதுன்னு நம்புறாங்க.

மைலேஜ்? அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல அடைச்ச ஃபில்டரோட கார்களை ஓட்டிச் சோதிச்சுது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல எரிபொருள் போற இன்றைய கார்கள்ல மைலேஜ் சொல்லும்படியா மாறல. வேகமெடுக்கிற திறன்தான் குறைஞ்சுது. அடைச்ச ஃபில்டருக்கே மைலேஜ் விழலன்னா, சுத்தமான பேப்பரை எடுத்துட்டுக் காட்டன் போட்டு மைலேஜ் ஏத்துறது எப்படி? பழைய கார்புரேட்டர் வண்டி வேற கதை, அதுல அடைப்பு இருந்தா கலவையில பெட்ரோல் கூடிடும்.

[காட்சி: காத்து அளவு சென்சார், உள்ளே மெல்லிய கம்பி.]

இதோட நல்ல பக்கம் நிஜமாவே இருக்கு. ட்ராக்ல முழு வேகத்துல ஓடி, அடிக்கடி பிரிச்சுக் கட்டுற இன்ஜினுக்கு இது பொருத்தம். வருஷத்துக்கு நிறைய ஓட்டுறவங்க பல பேப்பர் ஃபில்டருக்கான செலவை மிச்சம் பண்ணலாம். குப்பையும் குறையும், ஆனா கழுவின தண்ணியில எண்ணெய் கலந்திருக்கும்னு மறக்காதீங்க. தூசி அதிகமான மண் சாலைக்கு மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எங்க பாதுகாப்பு அதிகம் தேவையோ அங்கதான் இது பின்தங்குது.

வாங்கிட்டீங்கன்னா, பராமரிப்புலதான் எல்லாமே இருக்கு. அதுக்கான க்ளீனரை அடிச்சுப் பத்து நிமிஷம் ஊறவிடுங்க. குழாய்த் தண்ணியை மெதுவா, சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கம் போற மாதிரி விடுங்க. பிரஷர் வாஷர், கம்ப்ரஸர், ஹேர் ட்ரையர் எதுவும் வேணாம், துணி கிழியும் இல்ல சுருங்கும். நிழல்ல தானா காயட்டும். ஒரு ராத்திரி ஆகும். அப்புறம் ஒவ்வொரு மடிப்புலயும் மெல்லிசா எண்ணெய் விட்டு, அரைமணி நேரம் பரவவிட்டு, வெளிறித் தெரியிற இடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம்.

எண்ணெய் குறைஞ்சா தூசி தாண்டும். கூடினா அது காத்தோட போய், காத்து அளவு சென்சாருக்குள்ள இருக்கிற மெல்லிய கம்பியில படியும். சூடான இந்தக் கம்பியைக் காத்து எவ்வளவு குளிர வைக்குதுங்கிறதை வச்சுத்தான் கம்ப்யூட்டர் காத்தை அளக்குது. மேல அழுக்கு ஏறினா அளவு தப்பும், ஐடிலிங் தடுமாறும், செக் இன்ஜின் லைட் எரியும். சரியா எண்ணெய் விட்ட ஃபில்டரால இது வராதுன்னு தயாரிப்பாளர்கள் சொல்றாங்க. நானும் ஒத்துக்கிறேன். ஆனா வீட்டுல செய்யும்போது கைக்கு அளவு பிடிபடணும்.

அவசரத்துக்கு ஈரத்தோடயோ எண்ணெய் விடாமலோ மாட்டவே கூடாது. அடிக்கடி கழுவவும் வேணாம். எந்த ஃபில்டரா இருந்தாலும் கொஞ்சம் தூசி படிஞ்சப்புறம்தான் இன்னும் நல்லா வடிகட்டும்.

[காட்சி: ஃபில்டருக்கு அப்பால் இருக்கிற குழாயில வெள்ளைத் துணி.]

கடைசியா, பேப்பரா இருந்தாலும் காட்டனா இருந்தாலும் செய்ய வேண்டிய சோதனை. இன்ஜின் ஆறினப்புறம் ஃபில்டரைக் கழட்டி, அதைத் தாண்டி இன்ஜின் பக்கம் போற குழாயோட உள்சுவரை வெள்ளைத் துணியால துடைங்க. துணியில மண் ஒட்டினா தூசி தாண்டுது. ஓரத்து ரப்பர் சரியா உக்காரலையான்னு முதல்ல பாருங்க. 99 சதவீத ஃபில்டரும் ஓரத்துல இடைவெளி இருந்தா வீண்தான். இன்னும் உறுதியாத் தெரியணும்னா, ஆயில் மாத்தும்போது பழைய ஆயில்ல கொஞ்சம் எடுத்து லேப்ல குடுத்து, மணல்ல இருக்கிற தனிமமான சிலிக்கானோட அளவைப் பாக்கச் சொல்லுங்க. ஃபில்டர் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மாத்தி அதே தூரம் ஓடினப்புறம் ஒரு தடவை. ரெண்டாவது ரிப்போர்ட்ல அந்த எண் தெளிவா ஏறியிருந்து, ஓரமும் சரியா உக்காந்திருந்தா, பழைய பேப்பர் ஃபில்டருக்கே திரும்பிடுங்க.