"மாபெரும் ஆள்மாற்றம்": ஒரு சதிக்கதை துப்பாக்கி வரைக்கும் போறது எப்படி?

வணக்கம் மக்களே. இன்னிக்கு விஷயம் கொஞ்சம் கனமானது, நேரா உள்ளே போயிடறேன்.

ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் இருக்கிற தீவிர வலதுசாரி இயக்கங்களுக்குள்ள ஆயிரம் சண்டை உண்டு. ஒரு கும்பல் சர்ச்சுக்குப் போகும், இன்னொண்ணு சர்ச்சையே திட்டும். ஆனா ஒரு கதையில மட்டும் கிட்டத்தட்ட எல்லாரும் சேர்ந்துக்குவாங்க. 2011ல ரெனோ கமூன்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் அதுக்குப் பேர் வச்சு ஒரு புத்தகமே போட்டார்: 'மாபெரும் ஆள்மாற்றம்'. வெள்ளைக்கார ஜனங்களைக் காலி பண்ணிட்டு அந்த இடத்துல ஆப்பிரிக்கா, அரபு நாட்டு ஆட்களைக் கொண்டுவந்து வைக்கிறாங்க, அதுக்கு மேலிடத்து ஆட்களும் உடந்தைங்கிறதுதான் கதை.

கழட்டிப் பார்த்தா உள்ளே நாலு பாகம் இருக்கு. நாடுங்கிறது ரத்தம், குடியுரிமை எல்லாம் வெறும் காகிதம். வெளியிலிருந்து வர்றவன் பிழைக்க வரலை, படையெடுத்து வர்றான். அவனுக்குக் கதவைத் திறந்துவிடுற துரோகி உள்ளேயே இருக்கான். நாலாவது, இனிமே நேரமே இல்லை. முதல் மூணை வச்சுக்கிட்டு தேர்தல்ல நின்னு ஓட்டு வாங்கலாம், வாங்குறாங்க. ஓட்டுப்போட்டு ஒண்ணும் ஆகாதுன்னு ஒருத்தன் முடிவு பண்றது நாலாவது பாகத்துலதான். குடியேற்றத்தைக் குறைக்கணும்னு சொல்ற எல்லாரையும் இதுல சேர்க்காதீங்க, அது சாதாரண கொள்கை விவாதம். பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறதே ஆபத்துன்னு சொல்லும்போதுதான் எல்லை தாண்டுது.

துரோகி பாகத்தை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. 2011 ஜூலை 22, நார்வே. ஒரு தீவிர வலதுசாரி ஆள் நடத்தின தாக்குதல்ல மொத்தம் 77 பேர் செத்தாங்க, அதுல 69 பேர் ஊட்டோயா தீவுல. அங்கே நடந்தது தொழிலாளர் கட்சியோட இளைஞர் முகாம். குடியேறினவங்களை உள்ளே விட்ட கட்சிங்கிறதால அவங்க பிள்ளைகளைக் குறிவச்சான்.

ஜெர்மனியில வால்டர் லுப்கே. மெர்க்கெல் கட்சிக்காரர், காஸல் வட்டார நிர்வாகத் தலைவர். 2015 அக்டோபர்ல அகதிகள் விடுதி பத்தின ஒரு ஊர்க்கூட்டத்துல கூச்சல் போட்டவங்களைப் பார்த்து, இந்த நாட்டோட மதிப்பீடுகள் பிடிக்காதவங்க எப்ப வேணா வெளியே போகலாம்னு சொன்னார். அந்தத் துண்டு வீடியோவை மட்டும் வெட்டி வருஷக்கணக்கா சுத்தவிட்டாங்க. 2019 ஜூன்ல அவர் வீட்டு வராந்தாவுலேயே தலையில சுட்டான் ஒருத்தன். சுட்டவன் அன்னிக்கு அந்தக் கூட்டத்துல உட்கார்ந்திருந்தவன்.

'தனி ஆள், மனநிலை சரியில்லை'ன்னு சொல்லி முடிச்சிடறது எனக்கு ஒத்துக்காது. வரிசையைப் பாருங்க. 2019 மார்ச் 15, நியூசிலாந்தோட கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகள்ல 51 பேர் கொலை. கொலைகாரனோட அறிக்கைக்குத் தலைப்பே கமூ சொன்ன அந்தப் பேர்தான். ஃபேஸ்புக் நேரலையை அப்பப் பார்த்தவங்க 200 பேருக்கும் கம்மி, ஆனா அடுத்த 24 மணி நேரத்துல 15 லட்சம் பிரதிகளை நீக்கினோம்னு அந்த நிறுவனமே சொல்லுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்காவோட டெக்சாஸ், எல் பாசோ நகர வால்மார்ட் கடையில 23 பேர். அவன் அறிக்கை கிறைஸ்ட்சர்ச்காரனுக்கு ஆதரவு சொல்லித்தான் ஆரம்பிக்குது. 2022 மே 14, அமெரிக்காவோட பஃபலோ நகர சூப்பர்மார்க்கெட்ல 10 பேர், அத்தனை பேரும் கறுப்பினத்தவர். சுட்டவனுக்கு வயசு 18, கிறைஸ்ட்சர்ச் அறிக்கையிலிருந்து பெரும்பகுதியை அப்படியே காப்பி அடிச்சிருந்தான். கறுப்பின மக்கள் அமெரிக்காவுல தலைமுறை தலைமுறையா இருக்காங்க. பல வெள்ளைக்காரக் குடும்பங்கள் அங்கே வந்து இறங்குறதுக்கு முன்னாடியிலிருந்து. அவங்க எப்படி 'புதுசா வந்து இடத்தைப் பிடிக்கிறவங்க' ஆனாங்க? ஏன்னா கணக்கு எப்பவுமே வருகையைப் பத்தினது இல்லை, தோலைப் பத்தினது.

கணக்குன்னதும், இவங்க போடுற வரைபடங்களுக்கு வருவோம். ஜெர்மனியில 'குடியேற்றப் பின்னணி'ன்னு ஒரு அரசு எண்ணிக்கை. பிறக்கும்போது தனக்கோ, பெத்தவங்கள்ல ஒருத்தருக்கோ ஜெர்மன் குடியுரிமை இல்லைன்னா அதுல வந்துடுவீங்க. ஆக, போலந்துக்காரர், ஆஸ்திரியாக்காரர், கஜகஸ்தான்ல இருந்து திரும்பி வந்த ஜெர்மன் வம்சாவளி ஆட்கள், எல்லாரும் உள்ளே. ரத்தக் கணக்குப்படியே ஜெர்மன்காரங்களா இருக்கிறவங்களையும் சேர்த்துக் கூட்டி, 'படையெடுப்பு'ன்னு காட்டுறாங்க! இன்னொரு வித்தை பிறப்பு விகிதம். முதல் தலைமுறை அம்மாக்களோட விகிதத்தை எடுத்து அப்படியே 2100 வரைக்கும் கோடு இழுத்துடுவாங்க. நிஜத்துல அங்கேயே பிறந்து வளர்ந்த மகள்களோட விகிதம் உள்ளூர் சராசரி பக்கமா இறங்கிடும். அதனால வரைபடம் வந்தா யாரை எண்ணியிருக்காங்க, எந்த வருஷத்துல ஆரம்பிச்சிருக்காங்க, நாடா ஒரே ஒரு பேட்டையான்னு பாருங்க. பெரும்பாலும் அதுலயே சாயம் வெளுத்துடும்.

வதந்தி எவ்வளவு வேகமா ஓடும்ங்கிறதுக்கு இங்கிலாந்தோட சவுத்போர்ட் ஊர் ஒரு உதாரணம். 2024 ஜூலை 29, நடன வகுப்புல மூணு சின்னப் பெண் குழந்தைகள் கொலை. பிடிபட்டவனுக்கு 17 வயசு, அதனால பேரை உடனே வெளியிடலை. அந்தக் காலி இடத்துல ஒரு பொய்ப் பேர் வந்து உட்கார்ந்துச்சு: படகுல வந்த முஸ்லிம் அகதின்னு. பிடிபட்டவன் பிரிட்டன்லயே, கார்டிஃப் நகரத்துல பிறந்தவன், சுத்துற பேர் தப்புன்னு போலீஸ் சொல்லியும் மறுநாளே அந்த ஊர் மசூதி மேல செங்கல் பறந்துச்சு. ஆகஸ்ட் 4, ராதரம் பக்கத்துல 200க்கும் மேல அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலோட கதவுல எரியுற குப்பைத்தொட்டியைக் கொண்டுபோய் வச்சாங்க. உள்ளே ஆள் இருக்குன்னு தெரிஞ்சே. சவுத்போர்ட்ல ஒண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லணும்: கலவரத்துக்கு மறுநாள் காலையிலேயே உள்ளூர் கொத்தனார்கள் வந்து இடிஞ்ச மசூதிச் சுவரைக் கட்டிக் கொடுத்தாங்க.

கடைசியா கமென்ட் பத்தி. கிறைஸ்ட்சர்ச் வீடியோ லிங்க், அந்த அறிக்கைகளோட பிடிஎஃப், 'ஆராய்ச்சிக்காக'ன்னு சொல்லிக்கிட்டுக்கூட இங்கே போடாதீங்க, பார்த்ததும் தூக்கிடுவேன். நியூசிலாந்துல அதெல்லாம் கையில வச்சிருந்தாலே குற்றம். அடுத்து வர்றவன் தேடுறதும் அதைத்தான்.