சதுப்பைக் கீறிய வாய்க்கால்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் இந்தக் கட்டியை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன், கைக்குக் கை மாறட்டும். செங்கல் அளவுதான் இருக்கும். ஆனால் தூக்கினால் எடையே தெரியாது. விரலால் தேய்த்தால் பழுப்புத் தூள் ஒட்டும். உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தலைமுடி மாதிரி மெல்லிய நார்கள் தெரியும். எப்போதோ வளர்ந்த பாசியும் புல்லும் அவை. தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடந்து, பாதி மக்கியும் பாதி மக்காமலும் இப்படி ஆகியிருக்கின்றன. ஜெர்மன்காரர்கள் இதை 'டோர்ஃப்' என்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் 'பீட்' என்ற பெயர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். காய வைத்தால் விறகு போல எரியும்.

இந்தக் கட்டி வந்த ஊர், வடமேற்கு ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக்கு வடகிழக்கே 20, 25 கிலோமீட்டரில் இருக்கிறது. ஊர் பெயர் வோர்ப்ஸ்வேடெ. அதைச் சுற்றிப் பரந்து கிடக்கும் சதுப்புக்கு டாய்ஃபல்ஸ்மோர் என்று பெயர். நேராகச் சொன்னால் 'பேய்ச் சதுப்பு'. ஆனால் இந்தப் பெயருக்கும் பேய்க்கும் சம்பந்தமில்லை. விளையாத நிலத்தை அந்த ஊர்ப் பேச்சில் 'செவிட்டு நிலம்' என்பார்கள், நாம் மலட்டு நிலம் என்கிற மாதிரி. செவிடு என்ற அந்தச் சொல்தான் காலப்போக்கில் பேயாகத் திரிந்துவிட்டது. நடுவில் வையர்பெர்க் என்று ஒரு மணல் மேடு. 54 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் தட்டையாக இருப்பதால் மலை போலத் தெரியும். மேட்டில் ஏறி நின்றால் ஹம்மே ஆறு புல்வெளிக்கு நடுவே வளைந்து வளைந்து போவதைப் பார்க்கலாம்.

சதுப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். நீங்கள் பிடித்திருக்கும் கட்டியின் உயரம் 10 சென்டிமீட்டர் என்றால், அது குறைந்தது நூறு வருடச் சேமிப்பு. இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கட்டியை மேசையில் சத்தமாக வைக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

சரி, இந்தச் சதுப்புக்குள் மனிதர்கள் ஏன் போனார்கள்? நிலமில்லாததால்தான். 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதி ஹனோவர் அரசுக்குக் கீழே இருந்தது. லண்டனில் ஆண்ட ஜார்ஜ் மன்னர்களே ஹனோவருக்கும் அதிபதிகள். சதுப்பில் குடியேறினால் சில ஆண்டுகளுக்கு வரி கிடையாது, பட்டாளத்துக்கும் போக வேண்டாம் என்று அரசு அறிவித்தது. பண்ணையாட்களும், சொத்தில் பங்கு கிடைக்காத இளைய மகன்களும் வந்தார்கள். முதல் வீடு என்பது சதுப்புக் கட்டிகளையே அடுக்கிக் கட்டிய குடிசை. தரையில் ஈரம், கூரையில் புகை. மேல்மண்ணைக் கொளுத்திச் சாம்பலில் பக்வீட் என்ற தானியத்தை விதைத்தார்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி அங்கே இன்றைக்கும் ஒரு பழமொழி சொல்வார்கள்: முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாம் தலைமுறைக்கு வறுமை, மூன்றாம் தலைமுறைக்குத்தான் ரொட்டி. அவர்கள் பேச்சில் டோட், நோட், புரோட் என்று மூன்றும் இயைபாக விழும். நம் தாலாட்டு போல இனிமையாக ஒலிக்கும் அந்த வரிக்குள் இருப்பது மூன்று தலைமுறைக் கணக்கு.

இந்தக் குடியேற்றத்தை ஒழுங்கு செய்தவர் யுர்கன் கிறிஸ்டியான் ஃபின்டார்ஃப். 1720இல் பிறந்தவர், தொழிலால் தச்சர். 1771இல் சதுப்பு ஆணையர் என்ற பதவி கிடைத்தது. 1792இல் இறக்கும்வரை அளந்துகொண்டே இருந்தார். எந்தக் குடிக்கு எவ்வளவு நிலம், வாய்க்கால் எந்தக் கோட்டில் போக வேண்டும், பாலம் எங்கே, தேவாலயம் எங்கே என்று எல்லாம் அவர் கணக்கு. சதுப்பு விவசாயிகளின் தந்தை என்று இன்றும் சொல்கிறார்கள். வையர்பெர்க் மேட்டில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஆனால் அந்தத் தூணைவிட அவர் வெட்டவைத்த வாய்க்கால்கள்தான் அவருக்கு உண்மையான நினைவுச்சின்னம் என்பேன்.

அந்த வாய்க்கால் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மீதிக் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. தண்ணீரை வடித்தால்தான் நிலம் காயும், பீட் வெட்ட முடியும். ஆனால் வெட்டிய பீட்டைப் படகில்தான் பிரேமனுக்குக் கொண்டுபோக வேண்டும், சாலை கிடையாது. தண்ணீர் முழுதும் வடிந்துவிட்டால் படகு தரைதட்டும். வடியவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். இதற்கு அவர்கள் வைத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே பலகைகளைச் சேர்த்து, அடிப்பக்கம் மட்டும் பொருத்திய ஒரு மடக்குத் தடுப்பு. தண்ணீரை அது தேக்கி வைக்கும். படகின் மூக்கு வந்து அழுத்தினால் பலகை அப்படியே படுத்துவிடும், படகு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். போனதும் பலகை தானாக எழுந்து மறுபடி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஆள் இறங்கித் திறக்க வேண்டாம், மூட வேண்டாம். சின்னச் சின்ன வாய்க்கால்களில் இப்படி வரிசையாகத் தடுப்புகள்.

அந்தப் படகுகளுக்குக் கரும்பழுப்புப் பாய். காற்று இல்லாத நாளில் கழியால் ஊன்றித் தள்ள வேண்டும். பிரேமனின் அடுப்புகள் அந்தக் கட்டிகளில்தான் எரிந்தன. நகரத்தில் படகுகள் வந்து நின்ற பீட் துறை இருந்த பேட்டைக்கு இன்றைய பெயரே ஃபின்டார்ஃப்தான்.

அப்புறம் ஓவியர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் ஃபிரிட்ஸ் மாக்கென்சன், 1884இல், அந்த ஊர் வணிகர் ஒருவரின் மகள் அழைத்ததால். 1889 கோடையில் ஓட்டோ மோடர்ஸோனையும் ஹன்ஸ் அம் எண்டேயையும் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். விடுமுறை முடியும் நேரம். பக்கத்து வாய்க்கால் பாலத்தில் நின்று பார்க்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு படம். நாம் ஏன் இங்கேயே தங்கிவிடக் கூடாது என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று மோடர்ஸோனின் நாட்குறிப்பு சொல்கிறது. எங்கே நின்று இப்படித் தோன்றியது என்பதைக் கவனியுங்கள். வாய்க்கால் பாலத்தில்! பீட் கலந்த தண்ணீர் கறுப்புத் தேநீர் போல இருக்கும். அந்தக் கறுப்பில் வானம் விழும்போது நிஜ வானத்தைவிட ஆழமாகத் தெரியும். கரையோரம் வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள், நடுவே பழுப்புப் பாய். ஓவியர்கள் கண்டு மயங்கிய 'இயற்கை' அது. பாதிக்குமேல் அது ஏழைகள் மண்வெட்டியால் வரைந்து வைத்தது.

1895இல் மியூனிக் கண்ணாடி மாளிகைக் கண்காட்சியில் இந்தக் கூட்டம் திடீரென்று புகழ்பெற்றது. சதுப்பு மக்கள் வெட்டவெளியில் உட்கார்ந்து வழிபாடு கேட்கும் மாக்கென்சனின் பெரிய படத்துக்குத் தங்கப் பதக்கம். அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் கடந்து போகிறேன். என் மனம் போய் நிற்பது பவுலா பெக்கரிடம்.

1876இல் டிரெஸ்டனில் பிறந்தவர், 22 வயதில் இங்கே வந்து தங்கியவர். ஆண் ஓவியர்கள் வானத்தையும் மரத்தையும் வரைந்தபோது, அவர் ஊர் ஏழையர் இல்லத்துக் கிழவிகளின் முன் போய் உட்கார்ந்தார். பால் கொடுக்கும் தாய், மூக்கு ஒழுகும் குழந்தை, வேலை செய்து முறுக்கிப்போன கைகள். அவற்றை அழகுபடுத்தவும் இல்லை, பரிதாபமாகக் காட்டவும் இல்லை. கனமான, எளிய உருவங்களாக வைத்தார். பாரிசுக்கு நான்கு முறை போனார், புதிய ஓவியத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார்.

1900இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு மாலை அவரும் சிற்பி கிளாரா வெஸ்ட்ஹோஃபும் உற்சாகத்தில் தேவாலயக் கோபுரம் ஏறி மணியை அடித்துவிட்டார்கள். ஊரே தீப்பிடித்தது என்று ஓடிவந்தது. தண்டனைக்குப் பதிலாகத் தேவாலயத்தை அலங்கரித்துக் கொடுங்கள் என்று ஏற்பாடானது. கிளாரா குட்டித் தேவதைத் தலைகளைச் செய்தார், பவுலா பூக்களை வரைந்தார். இன்றும் அவை அங்கேயே இருக்கின்றன. நான் போனபோது உள்ளே யாருமில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதில் கழுத்து வலித்தது. குண்டுக் கன்னம் உள்ள அந்தத் தலைகள் எதுவும் சொர்க்கத்துக் குழந்தைகளாக எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

பவுலா மோடர்ஸோனை மணந்தார். கவிஞர் ரில்கே கிளாராவை மணந்தார். 1903இல் ரில்கே இந்த ஊர் ஓவியர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார், அதில் பவுலாவுக்கு இடமே இல்லை. நெருங்கிய தோழி, தினமும் வரைகிறவர், கண்ணெதிரே இருக்கிறார். எனக்கு இன்றும் இது ஆறவில்லை. 1907 நவம்பரில், மகள் பிறந்து சில வாரங்களுக்குள், எழுந்து நடந்தவர் ரத்தக்கட்டால் சரிந்து இறந்தார். வயது 31. கடைசியாகச் சொன்ன சொல் 'ஐயோ, பாவமே' என்ற பொருள் தரும் ஒற்றைச் சொல். அடுத்த ஆண்டு ரில்கே அவருக்கு ஒரு நீண்ட இரங்கல் கவிதை எழுதினார். உயிரோடு இருந்தபோது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே விற்ற படங்களுக்காக, 1927இல் பிரேமனில் காப்பி வணிகர் லூட்விக் ரோஸலியூஸ் ஒரு அருங்காட்சியகமே எழுப்பினார். ஒரு பெண் ஓவியருக்காக உலகில் அமைந்த முதல் அருங்காட்சியகம் அது. ஏழையர் இல்லத்து மூதாட்டி தோட்டத்தில் பாப்பிப் பூக்களுக்கும் ஒரு கண்ணாடிக் கோளத்துக்கும் நடுவே அரசி போல உட்கார்ந்திருக்கும் படம் அங்கே இருக்கிறது. போனால் அதன்முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

இன்னொரு ஓவியர் ஹைன்ரிஷ் ஃபோகலரையும் விட முடியாது. ரோஜாத் தோட்டம் நடுவே வெள்ளை வீடு கட்டி, எல்லோரையும் கூட்டிவைத்துச் சங்கீத மாலைகள் நடத்தியவர். முதல் உலகப்போரைப் பார்த்துவிட்டு, 1918 ஜனவரியில் போரை நிறுத்தச் சொல்லி ஜெர்மன் பேரரசர் கைசருக்குக் கடிதம் எழுதினார். பைத்தியமா என்று சோதிக்க மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்த ரோஜா வீடு பின்னால் தொழிலாளர் குடும்பக் குழந்தைகளின் இல்லம் ஆனது. அவர் சோவியத் நாட்டுக்குப் போய், 1942இல் கசகஸ்தானில் வறுமையில் இறந்தார்.

இப்போது அந்தக் கட்டி எங்கே வந்திருக்கிறது? நான்காவது வரிசையா, நல்லது.

வடித்த சதுப்பு சும்மா இருப்பதில்லை. காற்றுப் பட்டதும் ஆயிரக்கணக்கான ஆண்டு சேர்ந்த கரிமம் மக்கிப் புகையில்லாமல் எரிகிறது, நிலம் ஆண்டுக்கு ஆண்டு தாழ்கிறது. ஜெர்மனியின் பரப்பில் சதுப்பு சுமார் 5 சதவீதம்தான். அதில் 90 சதவீதத்துக்கும் மேல் வடிக்கப்பட்டுவிட்டது. நாட்டின் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 7 சதவீதம் இந்த உலர்ந்த சதுப்புகளிலிருந்து வருகிறது. அதனால் ஹம்மே தாழ்நிலத்தில் வாய்க்கால்களை அடைத்துத் தண்ணீரைத் திரும்ப நிற்க வைக்கிறார்கள். ஃபின்டார்ஃப் திறந்ததை மூடுகிறார்கள். தோட்ட மண்ணில் பீட்டுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவும் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டையிலிருந்து உதிர்வதை அழுத்திக் கட்டியாக்கி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறோமே, அதேதான்.

இதில் ஒரு சிக்கல். ஓவியங்களில் நாம் காணும் அந்த வெள்ளை பிர்ச் மரங்கள் உயிருள்ள ஈரச் சதுப்பில் காடாக வளராது. நிலம் காய்ந்தால்தான் வரும். தண்ணீர் திரும்பினால் அவை சாகும். பல இடங்களில் சதுப்பைக் காப்பவர்களே அவற்றை வெட்டுகிறார்கள். ஓவியர்கள் கொண்டாடிய மரம், சதுப்பு நோயுற்றதன் அடையாளம். இதைக் கேட்டபோது எனக்கு அந்தப் படங்கள்மேல் இருந்த பிரியம் குறையவில்லை, வலி கூடியது.

அக்டோபர் மாலை ஒன்றில், தண்ணீர் தேங்கிய பழைய பீட் வயலோரம் நின்றேன். பட்டுப்போன பிர்ச் மரங்கள் கறுப்புத் தண்ணீரில் வெள்ளைக் கோடுகளாக நின்றன. இருட்டும் நேரத்தில் தூரத்தில் எக்காளம் மாதிரி ஒரு குரல், அப்புறம் பத்து, அப்புறம் எண்ண முடியவில்லை. பெருங்கொக்குகள், தெற்கே போகும் வழியில் இரவு தங்க இறங்கின. கால் நனையும் ஆழத்தில் தண்ணீர் இருந்தால்தான் அவை அங்கே உறங்கும், நரி நெருங்காது. கடைசிக் கூட்டம் அந்த மரங்களுக்கு நடுவே இறங்கி, சிறகை மடக்கி, சத்தம் அடங்கும்வரை நின்றிருந்தேன்.